நான்காவது விரலும் ஐந்தாவது விரலும்

ஈப்போவில் பியானோ இருக்கும் வீடுகளில் பாதிக்கு மேல் அதன்மீது பிளாஸ்டிக் பூச்சாடிதான் நிற்கிறது, டாக்டர். மூடியைத் திறந்தால் கரப்பான் பூச்சி ஓடும். பதினோரு ஆண்டுகளாகக் குனோங் ராபாட்டில் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன், பார்த்ததைத்தான் சொல்கிறேன். பிள்ளை ஐந்தாம் கிரேடு தேறியதும் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டு பிள்ளையைக் கணக்கு டியூஷனுக்கு அனுப்பிவிடுவார்கள். அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. கோபப்படுவதற்கும் எதிரே ஓர் ஆள் இருக்க வேண்டுமே.

நீங்கள் கேட்டது சின்னக் கேள்விதான். என் தங்கை ஷாமினியை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, பழைய கிளினிக்கிலிருந்து நீங்கள் வரவழைத்த ஒன்றரை ஆண்டுக்கு முந்தைய ரிப்போர்ட்டை மேசையில் வைத்து, இதை வாங்கியது யார் என்றீர்கள். ‘அக்கா கலாதேவியிடம் விளக்கப்பட்டது’ என்று அதன் ஓரத்திலேயே எழுதியிருக்கிறது. எழுதியிருப்பதைப் படிக்காமல் கேள்வி கேட்பவர்களோடுதான் என் பிழைப்பு, பரவாயில்லை. நான்தான் வாங்கினேன். ஆனால் ஒரே வரியில் சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் அப்பா உடையப்பன் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், அங்கேயே லாரி ஓட்டியவர். தோட்டத்தை விற்று மரங்களைச் சாய்த்தபோது, துரைமார் கிளப்பில் கிடந்த பழைய பியானோவையும் எரிக்க எடுத்துப் போட்டார்கள். “நல்ல பலகைலா, அலமாரி செய்யலாம்” என்று அதை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார் அப்பா. எனக்கு அப்போது ஏழு வயது. நான் ஒரு கட்டையை அழுத்தினேன். அதோடு அலமாரி யோசனை நின்றது. எங்கள் குடும்பத்தின் சங்கீத வரலாறு இவ்வளவுதான்.

நான் கோலாலம்பூரில் ஒரு கல்லூரியில் பியானோ வாசிப்பையே பட்டப்படிப்பாக நான்கு ஆண்டு படித்தேன். சன்னல் இல்லாத பயிற்சி அறையில் நாளுக்கு ஏழு மணி நேரம். மற்றவர்கள் காதலித்தார்கள், படத்துக்குப் போனார்கள், பிறகு மேடையில் தடுமாறி அழுதார்கள். என் இறுதி ஆண்டுக் கச்சேரியில் ஒரு சுரம்கூடத் தவறவில்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்த மிஸ் லியோங், “மிகச் சுத்தமாக இருந்தது” என்றார். அதற்குப் பிறகு தொழில் செய்தேன். ஹோட்டல் கூடத்தில் நூடல்ஸ் உறிஞ்சுகிறவர்களுக்கு வாசித்தேன். புந்தோங்கில் ஒரு கல்யாண மண்டபத்தில் வாசித்தபோது ஒருவர் முறுக்கு மென்றபடி வந்து, “தங்கச்சி, குத்துப்பாட்டு ஒண்ணு போடுலா” என்றார். போட்டேன். அடுத்த மாதம் ஈப்போவுக்கே திரும்பி வந்து வகுப்புத் தொடங்கினேன்.

ஷாமினி எனக்குப் பத்து வயது இளையவள். கச்சாங் பூத்தே கடலை தின்ற எண்ணெய் விரலோடு வந்து பியானோவில் உட்காருவாள். நாளுக்கு இரண்டு மணி நேரம் வாசித்தால் அதிகம். தப்பாக வாசித்தால் சிரிப்பாள். அதே கல்லூரியில், அதே மிஸ் லியோங்கிடம் அவளும் சேர்ந்தாள். அவளுடைய இறுதி ஆண்டுக் கச்சேரிக்கு நானும் அப்பாவும் போயிருந்தோம். ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் முன் கைதட்டக் கூடாது என்று அப்பாவிடம் மூன்று தடவை சொல்லியிருந்தேன். தட்டினார். முழு அரங்கமும் திரும்பிப் பார்த்தது. ஷாமினி மேடையிலிருந்தே அவரைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தாள். அரங்கமும் அவளோடு சேர்ந்து சிரித்தது. அந்த மாதிரி ஆட்களுக்கு எல்லாமே மன்னிக்கப்படும்.

முடிந்ததும் மிஸ் லியோங் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். இப்படி ஒரு மாணவிக்காகத்தான் இருபத்தாறு ஆண்டு காத்திருந்தேன் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி மரியாதையாக, நீங்களும் பியானோ வாசிப்பீர்களா என்று கேட்டார். கொஞ்சம் என்றேன்.

இதை ஒரு காரணமாக நான் சொல்லவில்லை. நீங்கள் குறித்துக்கொள்வது தெரிகிறது, அதை அடித்துவிடுங்கள். பொறாமை என்பது வேலை இல்லாதவர்களுக்கு வருவது.

ஹங்கேரியில் ஒரு பெரிய இசைக் கல்லூரியின் தேர்வாளர்கள் மாணவர்களைத் தேர்ந்தெடுக்க ஒன்பது வாரத்தில் கோலாலம்பூர் வருவதாக இருந்தார்கள். ஷாமினி பயிற்சிக்காக ஈப்போ வீட்டுக்கு வந்தாள். வந்த நான்காம் நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, வலது கையை என்முன் நீட்டினாள்.

“நாலாவது விரலும் சுண்டுவிரலும் தானா மடங்குதுக்கா. வலியே இல்ல. வாசிக்கிறப்ப மட்டும் யாரோ உள்ளேருந்து இழுக்கிற மாதிரி இருக்கு.”

நான்தான் அவளை நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். சோதனைகள் எடுத்தார்கள், முடிவு வரச் சில நாளாகும் என்றார்கள். கவனம் சிதறக் கூடாது என்று அவளுடைய கைப்பேசியை நான் வாங்கி வைத்திருந்ததால், கிளினிக்கிலிருந்து அழைப்பு எனக்கு வந்தது. அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நானே போனேன்.

அந்த டாக்டர் பொறுமைசாலி. படம் வரைந்து காட்டினார். நரம்பு அறுந்துபோகவில்லை, மூளை விரலுக்கு இடும் கட்டளைதான் குழம்பிவிட்டது என்றார். இன்றே வாசிப்பதை நிறுத்தினால், மூன்று மாத ஓய்வுக்குப் பிறகு மெல்ல மெல்லத் திரும்பப் பழக்கிவிடலாம். இதே போல் தொடர்ந்தால் விரல் அப்படியே பழகிவிடும், பிறகு எதுவும் செய்வதற்கில்லை. ரிப்போர்ட்டைக் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். எனக்கு எல்லாம் புரிந்தது. புரியவில்லை என்று உங்களிடம் சொன்னால் நீங்கள் நம்பக்கூடும், ஆனால் அது என் படிப்புக்கு அவமானம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஷாமினி வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

“என்னக்கா சொன்னாங்க?”

“நரம்பெல்லாம் நல்லா இருக்காம். விரலுக்குப் பலம் பத்தலயாம். நீ ஒழுங்கா பயிற்சி செய்யாததுதான் காரணம்.”

அவள் உடனே நம்பினாள். அதுவரை அவளிடம் யாரும் சொல்லாத உண்மை அதில் பாதி இருந்ததே.

நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தேன். மடங்கும் இரண்டு விரலுக்கும் தனிப் பயிற்சிகளை நானே எழுதிக் கொடுத்தேன். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். காலையில் மலையடிவாரக் குவாரிக்கு லாரிகள் போகத் தொடங்கும்போது உட்காருவோம், அவை திரும்பும்போது எழுந்திருப்போம். என் வகுப்புகளைக்கூட நிறுத்திவைத்தேன். இப்படித் தன்னை ஒருத்திக்காகக் கொடுக்கிற அக்காவை நீங்கள் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறீர்கள்?

ஐந்தாம் வாரம் அவள் மூடியின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். “நிப்பாட்டிருவோமாக்கா? பயமா இருக்கு. கை என்னோடது மாதிரியே இல்ல.”

“பயமா இருந்தா கல்யாணம் கட்டிக்கிட்டுப் போ. பியானோ உனக்கு சூசாலா, ரொம்பக் கஷ்டம்,” என்றேன். கஷ்டமான வேலை என்றாலே அவளுக்குப் பிடிக்காது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்பா சமையலறையிலிருந்து, பிள்ளைக்குக் கொஞ்சம் ஓய்வு கொடும்மா என்றார். பலகையைப் பற்றித் தெரிந்தவர் விரலைப் பற்றிப் பேச வேண்டாம் என்றேன்.

ஏழாவது வாரத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. எந்த விரல் எப்போது மடங்குமோ என்ற கவனத்தில் அவள் ஒவ்வொரு சுரத்தையும் அளந்து வைக்கத் தொடங்கினாள். சிரிப்பு போய்விட்டது. வாசிப்பில் வழக்கமாகப் பண்ணும் குறும்பும் போய்விட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். நான் வாசிப்பது மாதிரியே இருந்தது. அன்று முதல்முறையாக அவளைப் பாராட்டினேன்.

தேர்வு நாளன்று நான் அரங்கத்தின் பின்வரிசையில் இருந்தேன். நான்காவது நிமிடம். வலது கையின் இரண்டு விரலும் உள்ளங்கைக்குள் மடங்கின, திரும்பவில்லை. அவள் நிறுத்திவிட்டாள். மடியில் கையை வைத்து, வேறு யாருடைய பொருளையோ பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேர்வாளர்களில் ஒருவர் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். திரும்பி வரும் வழியில் காரில் என் தோளில் சாய்ந்து, “நீ இல்லன்னா இவ்ளோ தூரம்கூட வந்திருக்க மாட்டேன்க்கா” என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள். அத்தனை சுலபமாக நன்றி சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு என்னவோ போலிருக்கும்.

இப்போது அவள் என் வகுப்பில் குட்டிப் பிள்ளைகளுக்கு இடது கையால் சொல்லிக்கொடுக்கிறாள். பெற்றோருக்கு அவளைப் பிடித்திருக்கிறது.

விரலுக்காக உங்களைப் பார்க்க வேண்டும் என்று அவளாகத்தான் இணையத்தில் தேடிக் கண்டுபிடித்தாள். நான் தடுக்கவில்லை. கார் ஓட்டிக்கொண்டு வந்தவளே நான்தான். குற்றம் செய்தவள் அப்படி வருவாளா?

அந்தப் பயிற்சிகளை எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தேன் என்று கேட்கிறீர்கள். நீங்கள் கேட்டதில் இதுதான் உருப்படியான கேள்வி. எந்தப் புத்தகத்திலும் அவை இல்லை. ரிப்போர்ட்டின் மூன்றாம் பக்கத்தைப் புரட்டுங்கள். எந்தெந்த அசைவுகளை அவள் கட்டாயம் தவிர்க்க வேண்டும் என்று அந்த டாக்டர் வரிசையாக எழுதியிருக்கிறார். மிகத் தெளிவாக எழுதியிருக்கிறார். அதை எதிரே வைத்துக்கொண்டுதான் ஒவ்வொன்றாக எழுதினேன்.

என்னைத் தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறீர்கள் போலிருக்கிறது. முகத்தில் தெரிகிறது. அங்கே இருப்பவர்களுக்குத் தாங்கள் செய்வது தெரியாது, டாக்டர். எனக்குத் தெரியும். இல்லை, போலீசைக் கூப்பிடுவதானால் கூப்பிடுங்கள். அவர்களிடமும் இதையே, இதே வரிசையில் சொல்வேன்.

அவளை உள்ளே கூப்பிட்டுச் சொல்லத்தான் போகிறீர்கள். சொல்லுங்கள். முழுவதையும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, “அப்படியாக்கா?” என்று கேட்பாள். நான் என்ன சொல்கிறேனோ அதைத்தான் எடுத்துக்கொள்வாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு என்மீது அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு நான் ஒருநாளும் துரோகம் செய்ததில்லை.