கையை மூடினால் நிறுத்த வேண்டும்

திருச்செங்கோட்டிலிருந்து ஈரோடு போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் கணவனும் மனைவியும். அவர் போர்வெல் ரிக்கில் டிரில்லர் என்பது பேச்சில் தெரிந்தது. கன்னம் வீங்கியிருந்தது; ஈரோட்டில் பல் டாக்டரிடம் போகிறார்கள்.

"வாய்க்குக் குறுக்கே ரப்பர் ஷீட்டைக் கட்டி, பல்லை மட்டும் வெளிய உடறாங்க. போன வாட்டி அதைப் பார்த்துத்தான் எந்திரிச்சு வந்துட்டேன்."

"பல்லைத் தொளைக்கையில எச்சி உள்ள எறங்கக்கூடாதுன்னு கட்டறாங்க. மண்ணு சரியாம நீங்க போர்க்குழியில கேசிங் பைப்பு எறக்கறதில்லீங்களா? இன்னைக்கும் உட்டா பல்லு போயிருமுங்க."

"வலிச்சா எப்படிப் புள்ளே சொல்றது?"

"ரிக்குச் சத்தத்துல இருவது வருசமா கையிலதானே பேசறீங்க?"

பள்ளிபாளையம் வரைக்கும் அவர் தன் கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"ரிக்குல மாதிரியே, கையை மூடுனா மிசினு நிக்கோணும். மொதல்ல அந்த டாக்டரம்மாவுக்கு அதைப் பழக்கறேன். அப்புறம் வாயை எப்படி வேணாலும் கட்டட்டும்."