சுத்தக் காற்றுப் பெட்டிக்குக் காட்டிய சாம்பிராணி

பத்தொன்பது வருடத்தில் நான் ஒரு நாளும் வேலைக்குத் தாமதமாக வந்ததில்லை. கூலாயிலிருந்து கிளம்பி ஏழரைக்கெல்லாம் ஆய்வுக்கூடத்தைத் திறந்துவிடுவேன். டாக்டர் மதிவாணன், இது உங்களுக்கே தெரியும். நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

ரூபேந்திரனின் ஆராய்ச்சிக்கு இரண்டு பெட்டிகள். இரண்டிலும் வாராவாரம் புதிதாக எலி நுரையீரலின் காவல் செல்கள். ஒரு பெட்டிக்குக் கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள் கலந்த காற்று. மற்றதற்குச் சுத்தக் காற்று. பிறகு நுண்ணிய ஊசியால் ஒவ்வொரு செல்லையும் அமுக்கிப் பார்ப்பான். நல்ல செல் சூடான இட்லி போல அமுங்கும், நெளிந்து போய்த் தூசியை விழுங்கும். வெள்ளி தின்றது பழைய வடை போல விறைத்துக் கிடக்கும். இந்த வித்தியாசத்தைக் காட்டிவிட்டால் அவனுக்கு முனைவர் பட்டம், சிங்கப்பூரில் வேலை, லாபிஸ் ஊரில் வாசுகியோடு கல்யாணம்.

எங்கள் தோட்டத்து ஆலையில் வெள்ளிக்கிழமை இயந்திரத்துக்குப் புகை காட்டாமல் அப்பா சுவிட்சைத் தொடமாட்டார். எனக்கும் அதே பழக்கம். யாரும் வருவதற்குள் எல்லா இயந்திரங்களுக்கும் சாம்பிராணி காட்டிவிடுவேன். சுத்தக் காற்றுப் பெட்டியின் குழாய் வாயில் மட்டும் மூன்று சுற்று கூடுதலாக. பாவம், அதற்குக் கிடைப்பது வெறும் காற்றுதானே. கூரையில் இருக்கும் புகை எச்சரிக்கைக் கருவிக்குக் குளியல் தொப்பி மாட்டிவிடுவேன். அதற்கு வயதாகிவிட்டது, சட்டென்று பதறும்.

“ஐயோ அலமாக், கஸ்தூரி அக்கா, சுத்தப் பெட்டியும் கல்லு மாதிரி ஆயிடுச்சு லா. ஊசிதான் கோளாறா?”

“இருக்கும் தம்பி. மாத்திப் பாரு. மொதல்ல சாப்டு.”

ஊசியை மாற்றினான். தண்ணீரை மாற்றினான். தன் மூச்சின் மீதே சந்தேகப்பட்டு மூன்று முகக்கவசம் போட்டான். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தான். நான் கொண்டுவரும் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றை இடிந்த முகத்தோடு என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவான். “நீங்க சாப்டீங்களா அக்கா?” என்று கேட்பான். அதைக் கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை.

வாசுகி போன் செய்வாள். “இந்த வருசமாச்சும் முடியுமா அக்கா? மண்டபத்த ரெண்டு தடவ மாத்தியாச்சு.”

“அவசரப்பட்டா ஆராய்ச்சி வருமாம்மா? பொறுமையா இரு.”

போன வெள்ளிக்கிழமை தொப்பியைக் கழற்ற மறந்துவிட்டேன். நீங்கள் அண்ணாந்து பார்த்தீர்கள்.

புகையால்தான் செல்கள் விறைக்கின்றன என்று எனக்குத் தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியும். இரண்டு வருடம் முன்பு எனக்குக் காய்ச்சல் வந்து ஒரு வெள்ளிக்கிழமை வரவில்லை. அந்த வாரம் சுத்தப் பெட்டி முழுக்க இட்லி. ரூபேந்திரன் போனில் அழுதுகொண்டே சொன்னான்: “வந்துடுச்சு அக்கா. இன்னும் ரெண்டு வாரம் இதே மாதிரி வந்தா போதும், நான் கிளம்பிடலாம்.” அடுத்த வெள்ளிக்கிழமை காய்ச்சலோடு எழுந்து வந்தேன். அன்று ஆறு சுற்று.

ஒன்றை மட்டும் தெளிவாக எழுதிவிடுகிறேன். அவன் போய்விடுவான் என்பதற்காக நான் எதையும் செய்யவில்லை. எல்லாம் பெட்டிகளின் நன்மைக்குத்தான். இதை அவனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். இன்றைக்கு அவன் சோற்றில் முட்டை இரண்டாக வைத்திருக்கிறேன், ஆறுவதற்குள் வரச் சொல்லுங்கள்.