முதல் கவளம்

எங்கள் வீட்டில் விரால் குழம்பு வைத்தால் நடுத்துண்டு மூத்தவனுக்குத்தான். சேக்காட்டைச் சுற்றி நான் ஆளும் பதினெட்டு ஊருக்கும் இது தெரியும். விசாரிக்கவென்று பூந்தமல்லிக் கச்சேரியிலிருந்து குதிரையில் வந்திருக்கும் உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள், ராஜாவுக்கு மூத்தவன்தான் உயிர், சின்னவனை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார் என்று. அப்படிப் பேச வேண்டும் என்றுதான் நானும் நடந்துகொண்டேன்.

மூத்தவன் வீரராகவனிடம் ஒரு குறையும் கிடையாது. ஆனால் சின்னவன் ஜெயராமன் என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான். அவன்மேல்தான் எனக்கு உயிர். இதற்கு மேல் காரணம் சொல்லத் தெரியவில்லை.

ஏழு வருஷத்துக்கு முன் ஐப்பசி மழையில் ஏரிக்கரை விரிசல் விட்டது. எங்கள் ஏரி பேசும். என் தகப்பனாரிடமும் பேசியிருக்கிறது. மதகுக்குள்ளிருந்து என்னைக் கூப்பிட்டது.

“எந்தப் புள்ள உனக்கு உசுரோ அத்தக் குடு. கரை நிக்கும்.”

குழந்தைகள் சிறியவர்கள் என்று அழுதேன். ஏழு வருஷம் பொறுப்பதாகச் சொன்னது. ஏழாவது தையில் கரைமேல் புது அரிசி பொங்கி, முதல் கவளத்தை என் கையால் உயிரான பிள்ளைக்கு ஊட்ட வேண்டும். அதைத் தின்றவன் ஏரிக்கு. ஏமாற்றினால் பதினெட்டு ஊரும் தண்ணீரில் போகும். நான் என்ன செய்வேன், சொல்லுங்கள்.

அன்றைக்கே கட்டைவிரலை உருவிக்கொண்டேன். பட்டும் குதிரையும் என் மடியும் மூத்தவனுக்கு என்றாயின. சின்னவன் கதவோரம் நின்று பார்ப்பான். “அந்தப் புள்ள இன்னா பாவம் பண்ணிச்சு?” என்று என் மனைவி ராஜம்மா கேட்பாள். சொன்னால் ஏரிக்குக் கேட்டுவிடும். எழுந்துபோவேன்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். நடுத்துண்டில் பாதியை வீரராகவன் இலையில் மடித்து எடுத்துப்போய்த் தம்பிக்கு ஊட்டுவான். நான் கண்டுகொள்ளவில்லை. சின்னவன் வயிறு நிறைகிறதே என்று உள்ளூரச் சந்தோஷம்.

போன தை மாதம் உச்சி வெயிலில், ஊர் கூடி நிற்க, மூத்தவனுக்குக் கவளத்தை ஊட்டினேன். அவன் பாதியைக் கடித்து, மீதியைக் கையில் வாங்கிக்கொண்டு பின்னால் நின்ற தம்பியிடம் திரும்பினான்.

“நைனா குடுத்துச்சுடா. வாயத் தொற.”

நான் கத்தியிருக்கலாம். கத்தினால் எந்தப் பிள்ளை எனக்கு உயிர் என்பது ஏரிக்குத் தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டு நின்றேன். சின்னவன் மென்று விழுங்கினான்.

தண்ணீர் படியேறி வந்து இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு இறங்கியது. பெரிய சத்தமில்லை. சின்னவன் கையை நீட்டினான். என் பக்கம் அல்ல, அண்ணன் பக்கம்.

கரை நன்றாகத்தான் நிற்கிறது. நீங்கள் அதன்மேல்தான் வந்தீர்கள். மூத்தவனைக் கொடுத்தது நான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சின்னவனைக் கொன்றது அவன் அண்ணன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.