இரைச்சல் அடங்குற நேரம்

அட்ச்சிட்டல்ல கஸ்பாரண்ணா, இப்ப ஒக்காரு. ஒதடு கியிஞ்சா தையல் போட்டுக்கலாம், அந்தப் பெட்டிய மட்டும் ஒதைக்காத. அத்த ஒடைக்கத்தான் வந்துகீறன்னு தெரியும். ஒடை. நான் ஒத்தப் பொம்பள, இன்னா தடுக்கப் போறேன்? ஆனா இன்னா ஏதுனு தெரிஞ்சிகினு ஒடை.

எங்கூட்டுக்காரரு ஸ்டானிஸ்லாஸ் கையால கட்னது. நம்ம எண்ணூரு குப்பத்துல அவ்ளோ வூட்லயும் சின்ன ரேடியோ கீதே, அதுக்குப் பேசுற செட்டு. காத்து எப்டி, கடலு எப்டி, முகத்துவாரத்துல மணல் எங்க ஏறிகீதுனு சாயங்காலம் சொல்லுவாரு. அப்பால ஒரு நாளு, உன் லாரி வந்து கழிவு எண்ணெய ஆத்துல ஊத்துதுனு நம்பரோட சொல்லிட்டாரு. மறுநாளு பொணமாத்தான் வூட்டுக்கு வந்தாரு.

இந்தத் திருகுற நாபா? பவருக்கு. கரண்டு இதுல ஒரே சீரா ஓடாது, கண்ணுக்குத் தெரியாத வேகத்துல வுட்டு வுட்டு ஓடும். ஓடுற நேரம் கம்மினா பவரு கம்மி. நாபத் திருப்புனா அந்த நேரம் நீளும், பவரு ஏறும். கேரியருனு சொல்லுவாரு, பேச்சத் தூக்கினு போறது அதான். கால்வாசிக்கு மேல திருப்பாதடி ஐரீனு, லைசென்சு இல்லாத செட்டு, குப்பத்தத் தாண்டுனா ஆபீசருங்க மோப்பம் புடிச்சிகினு வந்துருவாங்கம்பாரு. முழுசாத் திருப்புனா காட்டுப்பள்ளி வரிக்கும் போவும், ஆனா உள்ள கீற டிரான்சிஸ்டரு வெந்துரும். கேரியரு வந்ததும் ரேடியோல இரைச்சல் அடங்கும். அது அடங்குச்சுனா சண்ட போட்டுகினு கீறவன்கூட வாய மூடிக்குவான், இன்னாவோ சொல்லப் போறாங்கனு.

வெளிய சத்தத்தையே காணோமா? சோறு துன்னுகினு இருப்பாங்க. கடலோரம் கொட்டிகீற இந்தக் கல்லாண்ட அலை சத்தம் தாண்டி வேற எது காதுல வுயுது.

முடிய வுடுண்ணா, வலிக்குது. பொம்பளையாண்ட கை ஓங்குறதுல இன்னா வீரம்? ஊர்ல உன்ன இன்னா பேசுறாங்க தெரியுமா? ஸ்டானிஸ்லாஸ அட்ச்சது கஸ்பாரு இல்ல, அவன் பயந்துகினு லாரில குந்தினு இருந்தான், கூலிக்கு வந்தவனுங்கதான் அட்ச்சானுங்கனு. அவனால ஒரு கோயியக்கூட அறுக்க முடியாதுனு சிரிக்கிறாங்க.

நீயேவா? நெசமாவா?

இரும்பு ராடாலயா. கையெடுத்துக் கும்புட்டாரா. அப்பறமுமா அட்ச்ச.

அந்தக் கும்புட்ட கையத்தான் மொதல்ல ஒடைச்சியா? குளிப்பாட்டும்போதே பாத்தேன், வெரல் ஒண்ணுகூட நேரா இல்ல. தண்ணில தவறி வுயுந்துட்டாருன்னாங்க, அப்டி வுயுந்தவனுக்கு வெரலா ஒடையும்னு போலீசாண்ட அன்னிக்கே கேட்டேன். சாட்சி கீதானு திருப்பிக் கேட்டாங்க. அதுக்கப்பறம் நான் யாராண்டயும் கேக்கல. உன்ன அண்ணானு கூப்புட்டுப் பல்லக் கடிச்சிகினு பேசுனேன்.

எம்பேர சொல்லிக் கத்துனாரா? போதும். அத்த நீ சொல்லியிருக்க வேணாம்.

தீயிற வாசனையா? எனக்கும் வருது. அடுப்பு இல்ல, டிரான்சிஸ்டருதான் வேவுது. நீ கதவ ஒதைச்சப்பவே மைக்கப் போட்டு நாப முழுசாத் திருப்பிட்டேன். பாவம், இவ்ளோ நேரம் தாங்குச்சே அதுவே பெருசு. இப்ப ஒடைச்சிக்கோ.

எங்க போற? நீ சொன்னத ரேடியோல கேட்ட அவ்ளோ பேரும் வாசல்ல துடுப்போட நிக்கிறாங்க. குந்து, அவங்களே உள்ள வருவாங்க.