ஒரு கேட்டு போதும்

பௌர்ணமி சாயங்காலம், கிரிவலப் பாதையில் ஒரு நீண்ட வரிசை. எனக்கு முன்னால் ஒரு மாமாவும் அவர் மச்சானும் நின்றிருந்தார்கள். மச்சானுக்குச் சென்னையில் ஒரு கால்பந்து கிளப்பில் டிக்கெட் விற்கும் வேலை. ஸ்டேடியம் நிரம்பவில்லை என்றால் வேலை போய்விடுமாம்.

"வர்றவங்களுக்கு சாப்பாடு போடேன்," என்றார் மாமா.

"பிரியாணியே போட்டோம் மாமா. தின்னுட்டு போய்ட்டானுங்க. கோல் விழும்போது கைதட்ட ஆளில்ல."

"டிக்கெட்ட கம்மி பண்ணு."

"ஃப்ரீயாவே குடுத்துப் பாத்தாச்சு."

"அதான் தப்பு. சுளுவா கெடச்சா எவன் மதிப்பான்? ஸ்டேடியத்துக்கு எத்தன கேட்டு?"

"எட்டு."

"ஏழ மூடு."

"மூடினா வர்றவனும் திரும்பிப் போய்டுவான் மாமா."

"போமாட்டான்டா. வெளியில கம்பு கட்டி, வளைச்சு வளைச்சு வரிசைய வுடு. மெதுவா வுடு. பஸ்ல போறவன் பாப்பான். இவ்ளோ ஜனம் நிக்குதே, உள்ள என்னமோ இருக்குதுன்னு எறங்கி வந்து நிப்பான்."

"உள்ள வந்தா வெறும் பந்துதான இருக்கும்?"

"ரெண்டு மணி நேரம் நின்னு வந்தவன், எதக் காட்டினாலும் கும்புட்டுட்டுத்தான் போவான்."

மச்சான் எட்டி முன்னால் பார்த்தார். வரிசை வளைவில் திரும்பி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

"மாமா, இங்க என்ன குடுக்கறாங்க?"

"தெரில. வரிசை பெருசா இருந்துச்சு, நின்னுட்டேன்."

மச்சான் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியாது. நான் மலையைப் பார்த்துக்கொண்டேன்.