போனில் ஓடிய தறி

ஆரணி நகரக் காவல் நிலையத்தில் 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், சாட்சி பூங்காவனம், வயது 54, க/பெ (காலஞ்சென்ற) குமரேசன், கொசப்பாளையம், ஆரணி, திருவண்ணாமலை மாவட்டம் என்பவர் நேரில் ஆஜராகிக் கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்படி முகவரியில் சொந்த வீட்டில் என் மகன் திருமலையுடன் குடியிருந்து வருகிறேன். என் கணவர் குமரேசன் பட்டு நெசவாளர். இந்த வருடம் தை மாதம் மாரடைப்பால் இறந்துவிட்டார். எங்கள் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்து கம்பெனி நடத்திவந்த சந்தவாசல் ஜீவானந்தம் என்பவர் மீது, கோயம்புத்தூரைச் சேர்ந்த சூர்யகலா என்பவர் கொடுத்த புகார் சம்பந்தமாக என்னை அழைத்தார்கள். இறந்துபோன என் கணவர் உயிரோடு உட்கார்ந்து நெய்வதாகப் போனில் காட்டிப் புடவை விற்றது ஜீவானந்தமா, அவரிடம் வேலை பார்த்த என் மகன் திருமலையா என்பதுதான் விசாரணை என்று உதவி ஆய்வாளர் அம்மா சொன்னார். ஜீவானந்தம் எல்லாவற்றையும் திருமலை தலையில் போட்டிருக்கிறார் என்றும், தனக்குப் பார்சல் கட்டுகிற வேலை மட்டும்தான் என்று திருமலை சொல்லியிருக்கிறான் என்றும் தெரிவித்தார். எனக்குத் தெரிந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் யாரையும் சட்டென்று நம்புகிறவள் இல்லை. பால்காரர் அளந்து ஊற்றினாலும் எட்டிப் பார்ப்பேன். "போலீசு வேலைக்குப் போயிருக்க வேண்டியவ, என்னாண்ட வந்து மாட்டிக்கினா" என்று என் கணவர் தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஜீவானந்தம் முதல் முறை மாடியறையைக் கேட்டு வந்தபோதே எனக்கு அவர் மீது சந்தேகம் வந்தது. சென்னையில் இன்ஜினியரிங் படித்து, பெங்களூரில் நல்ல வேலையில் இருந்தவர், அதை விட்டுவிட்டு எங்கள் மாடிக்கு எதற்கு வரவேண்டும்? என் கணவர், சின்ன வயசில் சொந்தத் தொழில் செய்ய வந்திருக்கிறான், இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். அதன் பிறகு சாவியைக் கொடுத்தேன்.

அவருடைய முதல் கம்பெனி பஸ் கம்பெனி. அவரிடம் பஸ் கிடையாது. ஆரணியிலிருந்து வேலூர் போய்வருகிற பஸ் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று போனில் காட்டுவதுதான் தொழில். பஸ் என் கண்ணெதிரே ஸ்டாண்டில் நின்றபோது, அது இன்னும் கண்ணமங்கலம் தாண்டவில்லை என்று போன் சொன்னது. சில மாதங்களில் எங்கள் வாசலில் மாட்டியிருந்த அந்தக் கம்பெனிப் பலகையைக் கழற்றிவிட்டு வேறு பலகை மாட்டினார். இந்த முறை நெல் அறுக்கிற வண்டி. போனில் பதிவு செய்தால் வயலுக்கே வரும் என்றார். பேப்பரில் அவர் போட்டோ வந்தது, யாரோ சால்வை போர்த்தினார்கள். பெரணமல்லூர் பக்கத்து விவசாயிகள் நம்பிப் பதிவு செய்து, கதிர் முற்றிக் கொட்டின பிறகு வண்டி வந்து, அவர்கள் எங்கள் வாசலில் வந்து நின்று சத்தம் போட்டார்கள். மூன்றாவது என்ன கம்பெனி என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. நிறையப் பேர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள், பிறகு ஒருநாள் இல்லை. வாசலில் பலகை மாறும், அடித்த ஆணி மாறாது.

ஒவ்வொரு முறையும் "மூடிட்டியாப்பா?" என்று கேட்பேன். "மூடலம்மா, அடுத்ததுக்கு மாறிக்கினோம். தோத்தாதாம்மா கத்துக்க முடியும்" என்பார். "தோத்தது அவங்க, கத்துக்கினது நீயா?" என்று நான் கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே மாடியேறிவிட்டார். வாடகை மட்டும் ஒரு மாதம்கூட தவறியதில்லை. எனக்கு அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது. ஆனால் மனிதர் வசியமாகப் பேசுவார். பேசி முடிக்கும்போது நாமே அவருக்கு ஏதோ உதவி செய்யாமல் விட்டது போல இருக்கும்.

பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படித்துவிட்டு வீட்டில் இருந்த என் மகன் அந்த மூன்றாவது கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். அதன் பிறகு நான்காவதாக, புடவைக் கம்பெனி தொடங்கினார். புடவை ஆர்டர் கொடுத்தவர்கள், அதை நெய்கிற நெசவாளரை அந்த நேரத்திலேயே தங்கள் போனில் பார்த்துக்கொண்டிருக்கலாம். அதற்காக எங்கள் தெருவில் பல வீடுகளில் தறிக்கு மேலே கேமரா வைத்தார்கள். என் கணவர் தறிக்கும் வைத்தார்கள். கேமரா வைத்ததெல்லாம் திருமலைதான். எனக்குப் பிடிக்கவில்லை. ஊர்பேர் தெரியாதவர்கள் என் வீட்டுக் கூடத்தை எட்டிப் பார்ப்பது என்ன பழக்கம் என்று சண்டை போட்டேன். ஆனால் என் கணவருக்குப் பெருமையாக இருந்தது. மகன் வைத்த கேமரா என்பதால் சவரம் செய்துகொண்டு தறியில் உட்கார்ந்தார். மற்றவர்களைவிட என் கணவரைத்தான் நிறையப் பேர் பார்க்கிறார்கள் என்று ஜீவானந்தம் சொன்னார். "ஐயாதாம்மா நம்ம கம்பெனிக்கு முகம்" என்றார்.

எங்கள் பக்கம் அமாவாசை அன்று தறியில் உட்கார மாட்டார்கள். தறியைத் துடைத்துப் பொட்டு வைத்து, துணி போர்த்திவிடுவார்கள். ஆரணியில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஜீவானந்தத்துக்கு மட்டும் தெரியவில்லை. கம்பெனியில் பணம் போடுவதற்காகப் பெங்களூரிலிருந்து வந்தவர்களை அமாவாசை அன்று அழைத்துவந்து, மாடியில் பெரிய டிவி முன்னால் உட்காரவைத்துவிட்டார். எல்லாத் தறியும் போர்த்திக் கிடந்தது. என் கணவர் தறிமேல் நான் அவருடைய பழைய வேட்டியைப் போர்த்தியிருந்தேன். அந்த வேட்டியைப் பெங்களூர்க்காரர்கள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போன பிறகு ஜீவானந்தம் கீழே இறங்கி வந்து, "அமாவாசைக்கு லீவுன்னு ஒருத்தர்கூட வாயத் தொறக்கலியேம்மா! இனிமே அன்னிக்கும் ஸ்க்ரீன்ல எல்லாத் தறியும் ஓடணும். மொத நாளு எடுத்து வெச்சத ஓட்டிக்கலாம், யாருக்குத் தெரியப் போவுது?" என்று கத்திவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம். அப்போது என் கணவர் திருமலையிடம், "மத்தவங்கள இன்னா வேணா காட்டிக்கட்டும். அமாவாசைல நான் ஒக்காந்துகினு நெய்யற மாதிரி மட்டும் காட்டாதடா" என்றார். திருமலை சரிப்பா என்றான். அந்தப் பேச்சு நடந்தபோது வீட்டில் நாங்கள் மூன்று பேர் மட்டும்தான் இருந்தோம். இதை இந்த வாக்குமூலத்தில் குறித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு தை மாதம் என் கணவர் இறந்தார். ஜீவானந்தம் முதல் ஆளாக மாலை கொண்டுவந்தார், அழுதார். மறுவாரம் அவரே ஏணி போட்டு ஏறி எங்கள் வீட்டுக் கேமராவைக் கழற்றினார். அதன் பிறகு எங்கள் தெருவில் ஒவ்வொருவராக அவருக்கு நெய்வதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் மாடியிலிருந்து பார்சல் போவது நிற்கவில்லை. வெளியூர் வேன் ஒன்று வந்து புடவைக் கட்டுகளை மாடியில் இறக்கிவிட்டுப் போகும். தெருவில் யாரும் நெய்யாதபோது புடவை எங்கிருந்து வருகிறது என்று எனக்கு உறுத்தியது. திருமலையைக் கேட்டதற்கு, "பார்சல் கட்டறதுதாம்மா என் வேல. மத்தது எனக்குத் தெரியாது" என்றான். ஜீவானந்தம் இவனையும் ஏமாற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்ட நான் அவன் முகத்தை ஒரு தரம்கூட உற்றுப் பார்க்கவில்லை.

இந்த ஆடி மாதம் சூர்யகலா என்பவர் தட்டில் பழமும் வெற்றிலை பாக்கும் ஒரு பட்டுக்கரை வேட்டியும் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "குமரேசன் ஐயா இருக்காருங்களா? எங்க பொண்ணு கல்யாணப் புடவைய நெய்ஞ்சு குடுத்தாருங்க. போன மாசம் முச்சூடும் போன்ல பாத்தமுங்க. அதான் ஒரு மரியாத செஞ்சுட்டுப் போலாம்னு வந்தனுங்க" என்றார். நான் சுவரில் மாலை போட்டிருந்த போட்டோவைக் காட்டினேன். அவர் நம்பவில்லை. தன் போனைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

அதில் என் கணவர் நெய்துகொண்டிருந்தார். கீழே அவர் பெயரும், இப்போது நடப்பது என்றும் எழுதியிருந்தது. நெய்துகொண்டே வாசற்பக்கம் திரும்பி லேசாகச் சிரித்தார். பக்கத்திலிருந்து ஒரு கை டீ டம்ளரை வைத்தது. பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட அந்தக் கை என்னுடையது. அவர் இறந்ததிலிருந்து நான் கண்ணாடி வளையல் போடுவதில்லை. என் கையைச் சூர்யகலாவிடம் காட்டினேன். அவர் என் கையையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். வேட்டியைத் திரும்ப எடுத்துப்போக மனமில்லாமல் போட்டோவுக்குக் கீழே வைத்துவிட்டுப் போனார். போகும் முன் நான் கேட்டுக்கொண்டபடி என் போனிலும் அதைப் பார்க்க வழி செய்து கொடுத்தார்.

அதன் பிறகு நான் மாடிக்குப் போய் ஜீவானந்தத்தை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் பதறவில்லை. "ஐயாவ எல்லாருக்கும் புடிச்சிருக்கும்மா, எடுக்க மனசு வரல. வீடியோல்லாம் திருமலைதான் பாத்துக்கறான், அவனக் கேளுங்க" என்றார். "நீ மாட்டிக்கினா எம்புள்ள மேல போடறியா?" என்று கத்தினேன். திருமலை அங்கேதான் பார்சலுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை. முதலாளிக்குப் பயந்து நிற்கிறான் என்று நினைத்தேன்.

அடுத்து வந்த நாட்களில் நான் தினமும் போனைத் திறந்து என் கணவரைப் பார்த்தேன். பொய் என்று தெரிந்தும் பார்த்தேன். அவர் வாசற்பக்கம் திரும்பிச் சிரிக்கிற இடம் வருகிறவரை அடுப்பைக்கூட கவனிக்க மாட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆடி அமாவாசை அன்று என் கணவருக்குப் படையல் போட்டு, காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு வந்து போனைத் திறந்தேன். எல்லாத் தறியும் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு நெசவாளர் ஜெயச்சந்திரன் காலையில் பூசணிக்காய் வாங்கிக்கொண்டு போனதை நானே பார்த்தேன், போனில் அவர் நெய்துகொண்டிருந்தார். என் கணவர் தறி மட்டும் ஓடவில்லை. அதன்மேல் பழைய வேட்டி போர்த்தியிருந்தது. வேட்டிக் கிழிசலில் நான் போட்ட தையல் தெரிந்தது. பெங்களூர்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்த அதே வேட்டி, அன்றைக்கு எடுத்த அதே படம்.

முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்றைக்காவது அவரை விட்டார்களே என்று கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிட்ட கையை இறக்குவதற்குள் இதை யார் செய்தது என்ற யோசனை வந்தது. அமாவாசையிலும் எல்லாத் தறியும் ஓடவேண்டும் என்றவர் ஜீவானந்தம். என் கணவர் சொன்ன பேச்சு அவருக்குத் தெரியாது. அதைக் கேட்ட மூன்று பேரில் ஒருவர் போட்டோவில் இருக்கிறார். நான் நிறுத்தவில்லை.

திருமலை சாப்பிட உட்கார்ந்தான். அவன் இலைக்குப் பக்கத்தில் போனை வைத்து, "இத யாருடா நிறுத்தனது?" என்று கேட்டேன். அவன் போனை எட்டிப் பார்த்தான். அதன் பிறகு, "அப்பா அமாவாசைல ஒக்கார மாட்டாரு இல்லம்மா" என்றான். சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டான். நான் அவனைத் திட்டவில்லை, அதற்குமேல் எதுவும் கேட்கவும் இல்லை. இலையை மூடிவிட்டு எழுந்து போனான்.

ஜீவானந்தம் சொல்லாமல் என் மகன் இதைத் தொடங்கியிருக்க மாட்டான் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் சொல்ல முடியும், தெரியும் என்று சொல்ல முடியாது. ஜீவானந்தம் மட்டும்தான் செய்தார், என் பிள்ளைக்கு எதுவும் தெரியாது என்று சொல்வதற்காகத்தான் வீட்டிலிருந்து புறப்பட்டேன். இங்கே உட்கார்ந்து முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தபோது அது வாயில் வரவில்லை. செத்துப்போன தகப்பனை மாதக்கணக்காகத் தறியில் உட்காரவைத்தவன் அவன்தான். அமாவாசைக்கு இறக்கிவிட்டவனும் அவன்தான். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றை எழுதி மற்றதை விட்டுவிட வேண்டாம்.

சூர்யகலா கொடுத்த புகாரின் பேரில் மாடியறைக்குப் போலீசார் சீல் வைத்த அன்று ஜீவானந்தம் என்னைப் பார்த்து, "மூடலம்மா, ஒண்ணும் ஆவாது" என்றார். அவர் போன பிறகு வாசலில் பலகை மாட்டுகிற ஆணியைப் பிடுங்கிப் போட்டேன். அந்த வீடியோவைக் கோர்ட்டுக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளட்டும். காட்ட வேண்டிய இடத்தில் காட்டிவிட்டு, அதன் பிறகு எங்கேயும் ஓடாதபடி அழித்துவிட வேண்டும். எனக்கும் ஒரு பிரதி வேண்டாம்.

இன்று என்னை இங்கே வண்டியில் அழைத்து வந்தது திருமலைதான். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவன் கேட்கவில்லை. வழியில் தூறல் போட்டது. "மழ வருது, முந்தானய தலைல போட்டுக்கம்மா" என்று மட்டும் சொன்னான். இப்போதும் ஸ்டேஷன் கேட்டுக்கு வெளியே வண்டிமேல் உட்கார்ந்து, என்னை வீட்டுக்கு அழைத்துப்போகக் காத்திருக்கிறான்.

இதில் கண்டது முழுவதையும் உதவி ஆய்வாளர் அம்மா எனக்கு நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினார். என் வாயால் சொன்னதுதான் எழுதப்பட்டிருக்கிறது, பொய் ஒன்றும் கலக்கவில்லை. திருத்தம் ஏதும் உண்டா என்று கேட்டார். ஜன்னல் வழியாக வெளியே பார்த்துவிட்டு, இல்லை என்றேன்.

(ஒப்பம்)
கு. பூங்காவனம்