நானூத்திப் பன்னெண்டு கலோரி

போட்டோ எடுத்துக்கோங்க சார், நான் வேணாம்னா சொன்னேன்? எடுத்து சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்புங்க. அனுப்பிட்டு இந்த ட்ரெட்மில்ல விட்டுக் கொஞ்சம் எறங்கினீங்கன்னா கரண்ட்ட நிறுத்திட்டு என் வேலையப் பாப்பேன். இன்னும் மூணு மிஷின் சர்வீஸ் பண்ணணும்.

என்னது? நானூத்திப் பன்னெண்டு கலோரி எரிஞ்சிடுச்சா? அதனால இன்னிக்கு சுகர் மாத்திரை வேணாமா? அடேங்கப்பா! டாக்டர் அத்தன வருஷம் படிச்சதெல்லாம் வேஸ்ட்டு. இந்த டப்பா சொல்லிடுச்சே, அப்புறம் என்ன.

சரி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஏறினதும் உங்க வெயிட்டப் போட்டீங்களா? போடல. ஸ்டார்ட்ட மட்டும் அமுக்கினீங்க. அப்ப நீங்க அம்பது கிலோவா நூறு கிலோவான்னு அதுக்கு எப்படித் தெரியும்? ஜோசியமா பாக்குது? அதுவா யாரோ ஒரு ஆள மனசுல வெச்சுக்கிட்டு, அவனுக்குக் கணக்குப் போட்டு உங்க கையில குடுக்குது. இதுல முன்னாடி இருக்கற கம்பிய வேற ரெண்டு கையாலயும் பிடிச்சுத் தொங்கிக்கிட்டே நடந்தீங்க. நானும் பாத்துக்கிட்டுதானே இருந்தேன். பாதி உடம்பக் கம்பி சுமந்துச்சு, பேரு மட்டும் உங்களுக்கு.

வாட்ச்சா? எங்க, காட்டுங்க. இது எரநூத்தி அறுபதுங்குது! ஒரே காலு, ஒரே நடை, ரெண்டு கணக்கு. நீங்க எத நம்புவீங்க? எது அதிகமா சொல்லுதோ அத. அதானே பாத்தேன்.

இதே மாதிரி ஒண்ணக் கட்டிக்கிட்டு ஒரு நாள் மச்சினன்கூட போன்ல சண்டை போட்டேன் சார். சேர விட்டு எழுந்திரிக்கவே இல்ல. நெஞ்சு படபடன்னு அடிக்குது, கைய ஆட்டி ஆட்டிக் கத்தறேன். போன வெச்சா, நல்லா உடற்பயிற்சி பண்ணீங்க, சபாஷ்னு வாட்ச்சு பாராட்டுது. கழட்டிக் கடாசிட்டேன்.

சேச்சே, உங்க மேல எனக்கென்ன கோவம். இங்க வாங்க, ஒண்ணு காட்டறேன். இந்த ரெண்டு பட்டனையும் ஒண்ணா அமுக்கிப் பிடிச்சா, சர்வீஸ் பண்றவனுக்குன்னு உள்ள ஒரு மெனு தெறக்கும். வெயிட்டுன்னு இருக்கா? எவ்வளவு போட்டிருக்கு? நீங்களே படிங்க. ஆங், தொண்ணூத்தஞ்சு. வெயிட்டப் போடாம ஏறினா, அது மனசுல வெச்சுக்கற ஆளு இவன்தான். வாங்கும்போது எழுபதுதான் இருந்துச்சு. அடுத்த தெரு ஜிம்முல நெறைய காட்டுதாம், நம்ம ஆளுங்கெல்லாம் அங்க ஓடறாங்கன்னு முதலாளி ஒரே பொலம்பல். ஏத்தியாச்சு.

யாரா? நான்தான். வேற யாருக்கு இந்த மெனு தெரியும்? அப்ப எனக்குச் சிரிப்பா இருந்துச்சு சார். ஏமாறணும்னு வரிசையில நிக்கறாங்க, நமக்கென்னன்னு நெனச்சேன்.

இப்ப எறக்கறேன். முதலாளிகிட்ட கேக்கல. கத்தினா கத்தட்டும்.

இன்னிக்கு என்ன திடீர்னா... என் வீட்டுக்காரியும் இங்கதான் வருவா. அம்பது கிலோ தேற மாட்டா. அவளுக்கும் சுகர்தான். இதே மிஷின்ல டெய்லி நானூறு காட்டிச்சா, அந்தத் தைரியத்துல ஒரு துண்டு கேக்கு, மாத்திரைக்கு லீவு. ஆறு மாசமா இப்படி. எங்கிட்ட மூச்சு விடல. செருப்பு கடிச்ச புண்ணு, ஆறவே இல்ல. முந்தாநாள் ரெண்டு விரல எடுத்துட்டாங்க.

இல்ல சார், நான்தான் ஏத்தி வெச்சேன்னு அவளுக்கு இன்னும் தெரியாது. எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு நர்ஸ்கிட்ட மல்லுக்கு நிக்கறா. சுகர் பாக்கற உங்க மிஷின்தான் தப்பா காட்டுது, ஜிம்முல இருக்கறது எங்க வீட்டுக்காரர் பாத்துக்கற மிஷின், அது பொய் சொல்லாதுங்கறா.